ரெண்டாவது சைக்கிள்: சும்மா நிக்கிற ஸ்பேர், ஸ்பேரே இல்ல

இந்த எபிசோடு சைக்கிள் பற்றியது. ஆனா எந்த சைக்கிள் வாங்கலாம், எத்தனை கியர் வேணும்ங்கிற ரிவ்யூ கிடையாது. தினமும் வேலைக்கு சைக்கிள்ல போறவங்க வீட்டுல ரெண்டாவதா ஒரு சைக்கிள் வேணுமா? இருந்தா அதை எப்படி வச்சிருக்கணும்? இதுதான் இன்னைக்குப் பேசப்போறது.

நான் இருக்கிறது தென்காசி. சாஃப்ட்வேர் வேலைன்னாலே சென்னை, பெங்களூருன்னு இருந்த காலத்துல, 2011-ல் மத்தளம்பாறை கிராமத்துல ஸோஹோ நிறுவனம் ஒரு ஆபீஸ் திறந்தது. அதுக்கப்புறம் வயக்காட்டு ரோட்டுல லேப்டாப் பையோட ஒருத்தர் சைக்கிள் மிதிச்சுப் போறது இந்தப் பக்கம் அதிசயமா தெரியுறதில்ல. தென்காசியில இருந்து குற்றாலம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல மிதிச்சா 20 நிமிஷம். இங்க பல பேரோட வீடும் வேலையும் இந்த மாதிரி தூரத்துலதான் இருக்கு. சைக்கிளுக்குன்னே அளந்து வச்ச மாதிரி தூரம்.

அப்புறம் ஏன் நிறைய பேர் ஆரம்பிச்சு மூணே மாசத்துல விட்டுடுறாங்க? கால் வலின்னு சொல்லுவாங்க, வெயில்னு சொல்லுவாங்க. நான் பார்த்த வரைக்கும் கதை வேற. காலையில 8:30-க்கு கிளம்பும்போது பின் டயர்ல காத்து இல்ல. பஞ்சர் கடை இன்னும் திறக்கல. 9 மணிக்கு மீட்டிங். தம்பியோட பைக்கை எடுத்துட்டுப் போயாச்சு. சாயங்காலம் பஞ்சர் ஒட்டலாம்னு நினைச்சது ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிப்போகும். அதுக்குள்ள ஒரு வாரம் பைக்லயே போயாச்சு. அடுத்த மாசம் ஸ்கூட்டருக்கு இஎம்ஐ. ஒரு பஞ்சர் இரண்டு வருஷக் கடனா மாறுற விதம் இதுதான்.

ஸ்பேர் சைக்கிளோட வேலை அந்த ஒரு காலையைக் காப்பாத்துறது. பஞ்சர் ஆன வண்டியை ஓரமா நிறுத்திட்டு அடுத்ததை எடுத்துட்டுப் போயிடலாம். பழக்கம் அறுபடாது.

கணக்கு என்ன சொல்லுது?

உதாரணத்துக்கு ஒரு எண்ணை எடுத்துக்குவோம். உங்க சைக்கிள் 20 நாளைக்கு ஒரு நாள் ஓடுற நிலையில இல்லைன்னு வைங்க. வருஷத்துக்கு 250 வேலை நாள்னா, 12 அல்லது 13 நாள் மாட்டிக்குவீங்க. அதே அளவு நம்பகமான இன்னொரு சைக்கிள் இருந்தா, ரெண்டும் ஒரே நாள்ல படுக்கிறதுக்கான வாய்ப்பு 20 × 20, அதாவது 400-ல் ஒண்ணு. வருஷத்துக்கு ஒரு நாள் கூட இல்ல. 

பேப்பர்ல ரொம்ப அழகா இருக்கு. ஆனா இதுக்குள்ள ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு: ஸ்பேரும் அதே அளவு நல்ல நிலையில இருக்கணும். ஆறு மாசமா மாடிப்படிக்கு அடியில நிக்கிற சைக்கிள் ஓடுமா ஓடாதான்னு பூவா தலையா போட்டுத்தான் பார்க்கணும். பாதிக்குப் பாதின்னு வச்சா, 400-ல் ஒண்ணுன்னு இருந்தது 40-ல் ஒண்ணா ஆயிடும். வருஷத்துக்கு 6 நாள். ரெண்டு சைக்கிள் வச்சிருந்தும் 6 நாள்!

எங்க துறையில இதுக்கு சைலன்ட் ஃபெயிலியர்னு பேரு. சத்தம் போடாம கெட்டுப்போறது. தினமும் ஓட்டுற வண்டி கெட்டா உடனே தெரிஞ்சுடும். ஸ்பேர் கெட்டா, அது தேவைப்படுற அன்னைக்குத்தான் தெரியும்.

இதுக்கு சாஃப்ட்வேர் உலகத்துல பிரபலமான ஒரு உதாரணம் இருக்கு. 2017 ஜனவரி 31 அன்னைக்கு கிட்லேப் நிறுவனத்துல ஒரு இன்ஜினியர், வேற சர்வர்னு நினைச்சு முக்கியமான டேட்டாபேஸை அழிச்சுட்டார். பேக்கப்னு ஒண்ணு இல்ல, அஞ்சு வழி வச்சிருந்தாங்க. அந்த நேரத்துல எதுவுமே ஒழுங்கா கைகொடுக்கல. தினசரி பேக்கப் வெர்ஷன் பொருந்தாம தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோல்வியைச் சொல்ற மெயிலும் யாருக்கும் போய்ச் சேரல. கடைசியில ஒரு இன்ஜினியர் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன்னாடி வேற ஒரு வேலைக்காக எடுத்து வச்சிருந்த காப்பிதான் காப்பாத்துச்சு. பயன்பாட்டுல இருந்த ஒண்ணுதான் உதவுச்சுங்கிறதை கவனிங்க.

நிக்கிற சைக்கிள்ல என்ன கெடும்?

எங்க தெரு சைக்கிள் கடை அண்ணாச்சி கிட்ட இதைக் கேட்டேன். பம்பை வச்சுக்கிட்டே சொன்னார்: “ஓடுத சைக்கிளு சொல்லிட்டுக் கெடும் தம்பி. நிக்கித சைக்கிளு சொல்லாமக் கெடும்.”

அதை விரிச்சுப் பார்ப்போம். முதல்ல காத்து. எந்த டியூபும் நூறு சதவீதம் காத்தை அடைச்சு வைக்காது. மெல்ல மெல்ல கசிஞ்சுக்கிட்டே இருக்கும். காத்து இறங்கின டயர் மேல வண்டியோட எடை மாசக்கணக்குல உட்கார்ந்தா, பக்கவாட்டுல மடிஞ்சு வெடிப்பு விடும். பழைய மாடல் சைக்கிள்ல வால்வுக்குள்ள ஒரு சின்ன ரப்பர் இருக்கும், வால் டியூப்னு சொல்லுவோம். அது காய்ஞ்சு போச்சுன்னா எவ்வளவு அடிச்சாலும் காத்து நிக்காது. அடுத்தது செயின். எண்ணெய் காய்ஞ்ச இடத்துல துரு பிடிக்கும், கண்ணி மடங்காம விறைச்சு நிக்கும். பிரேக் கம்பியும் உறைக்குள்ள துருப்பிடிச்சு இறுகிடும். பிடிச்சா பிடிக்கும், விட்டா திரும்பாது.

இது எதுவுமே பெரிய ரிப்பேர் இல்ல. ஆனா காலையில 8:30-க்கு எல்லாமே பெரிய ரிப்பேர்தான்.

ரெண்டும் ஒரே காரணத்துல படுத்தா?

அந்த 400-ல் ஒண்ணு கணக்குல இன்னொரு நிபந்தனையும் இருக்கு. ரெண்டு வண்டியும் தனித்தனி காரணத்துக்காகக் கெடணும். நம்ம ஊர்ல ரெண்டையும் ஒண்ணா கெடுக்கிற ஒரு ஆள் இருக்காரு. அவர்தான் சாரல்.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் குற்றாலம் சீசன். தென்மேற்குப் பருவக்காத்து ஆரியங்காவு கணவாய் வழியா உள்ளே வந்து, தென்காசி வரைக்கும் தூறலைத் தெளிச்சுக்கிட்டே இருக்கும். டூரிஸ்டுக்கு அது சொர்க்கம். செயினுக்கு அப்படி இல்ல. பெருமழையில நனைஞ்ச வண்டியை நாம உடனே துடைப்போம். சாரல்ல நனைஞ்சதை “லேசாத்தானே”ன்னு விட்டுடுவோம். வண்டி காயுறதுக்குள்ள அடுத்த தூறல் வந்துடும். ரெண்டு சைக்கிளும் ஒரே திறந்த வாசல்ல நின்னா, ரெண்டும் ஒண்ணா துருப்பிடிக்கும்.

அதனால குறைஞ்சது ஒண்ணாவது கூரைக்குக் கீழே நிக்கட்டும். ரெண்டும் ஒரே மாதிரி வண்டியா இருக்கணும்னும் இல்ல. வேற வேற குணமா இருந்தா இன்னும் நல்லது. பளபளன்னு இருக்கிற ஸ்டீல் ரிம் ஈரமானா, பிரேக் கட்டை வழுக்கும், வண்டி நிக்கிறதுக்கு ரொம்ப தூரம் எடுக்கும். அலாய் ரிம் அல்லது டிஸ்க் பிரேக் உள்ளது மழையில மேல். உங்ககிட்ட அப்படி ஒண்ணு இருந்தா அதுக்கு முழு மட்கார்டு போட்டு சீசன் வண்டியா வச்சுக்கோங்க. ஸ்டீல் ரிம்தான் இருக்குன்னா, மெதுவா போங்க. நிறுத்துறதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு தடவை லேசா பிரேக் பிடிச்சு ரிம்ல இருக்கிற தண்ணியைத் துடைச்சு விடுங்க.

ஸ்பேருக்கு எங்க போறது?

புதுசா வாங்கணும்னு அவசியமே இல்ல. தமிழ்நாட்டுல பல வீட்டுல அது ஏற்கெனவே நிக்குது: பள்ளிக்கூடத்துல கொடுத்த விலையில்லா சைக்கிள். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு தொடங்கின திட்டம், சில வருஷத்துலயே அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகள்ல 11-ம் வகுப்பு படிக்கிற மத்த மாணவர்களுக்கும் விரிஞ்சது. பிளஸ் டூ முடிஞ்சதும் அந்த சைக்கிள்ல பாதி, துணி காயப்போடுற கம்பியா மாறிடுது. டயர், டியூப், செயின் பார்த்து ஒரு ஓவராயில் பண்ணினா அருமையான ஸ்பேர்.

ஒரே ஒரு வேண்டுகோள். தங்கச்சி இன்னும் ஸ்கூலுக்கு அதுலதான் போறான்னா, அது உங்க ஸ்பேர் இல்ல. அது அவளோட மெயின் வண்டி. நீங்க எடுத்துட்டுப் போனா உங்க பிரச்சினையை அவ தலையில கட்டுறீங்க.

வெளியூர் போய் வேலை பார்க்கிறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. நெதர்லாந்துல மனுஷங்களை விட சைக்கிள் எண்ணிக்கை அதிகம். அதுக்கு ஒரு காரணம், பல பேர் வீட்டுல ஒண்ணு, வேலை பார்க்கிற ஊர் ரயில்வே ஸ்டேஷன்ல பழசு ஒண்ணுன்னு வச்சிருக்காங்க. ரயில்ல இறங்கி அதை எடுத்துட்டுப் போயிடுவாங்க. தென்காசியில இருந்து ரயில்ல திருநெல்வேலி போறவங்களுக்கும் இது பொருந்தும். அந்தப் பக்க சைக்கிள் ஸ்டாண்டுல இடம் கிடைச்சா போதும்.

எல்லாருக்கும் ஸ்பேர் தேவையான்னு கேட்டா, இல்ல. ரெண்டு கிலோமீட்டர்னா நடந்துடலாம். அடிக்கடி பஸ் இருந்தா அதுவே உங்க ஸ்பேர். வீட்டுல நிறுத்த இடமே இல்லைன்னா, ஒரு பம்பும் ஒரு டியூபும் வாங்கி, டியூப் மாத்தக் கத்துக்கிட்டாலே பெரும்பாலான காலைகளைச் சமாளிக்கலாம்.

ஆனா ஸ்பேர் வச்சிருந்தா, அதை ஓட்டுங்க. நான் வச்சிருக்கிற முறை எளிமையானது: புதன்கிழமை ஸ்பேர் நாள். மழையோ வெயிலோ, புதன்கிழமை ஆபீஸுக்கு அதுதான். செவ்வாய் ராத்திரி டயரை அமுக்கிப் பார்க்கிறேன், ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுப் பார்க்கிறேன், பெடலை ஒரு சுத்து சுத்தறேன். மொத்தம் 2 நிமிஷம். காத்து குறைவா இருந்தா அன்னைக்கே தெரிஞ்சுடுது, சரி பண்ண நேரமும் இருக்கு. மாசம் ஒரு தடவை ரெண்டு செயினையும் துணியால துடைச்சு எண்ணெய் விடுறேன். சீசன்ல வாரம் ஒரு தடவை.

உங்க வீட்டுல ஒரு சைக்கிள் ஓரமா நிக்குதுன்னா, இந்த ஞாயித்துக்கிழமை அதை வெளியே எடுத்து ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. எங்க சத்தம் வருதோ, அதைக் குறிச்சு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல கடை அண்ணாச்சியையே உட்கார வச்சு ஒவ்வொண்ணா கேட்டுடலாம். பார்த்துப் போங்க.