சாவியை அவர்களிடம் கொடுங்கள்!

‘இளைஞர் நற்பணி மன்றம்’ என்ற போர்டைப் பார்த்தாலே நம்மில் பலருக்கு முகம் கோணிக்கொள்கிறது. உள்ளே ஒரு கேரம் போர்டு, பொங்கலுக்குக் காது கிழியும் ஒலிபெருக்கி, அப்புறம் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு நாலு பையன்கள். “நூறு ரூபாயைக் கொடுத்து அனுப்பும்மா, தொல்லை விட்டது” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

எங்கள் குன்னூர்ப் பக்கத்தில் அப்படி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, சகோதரிகளே! மழைக்காலம் வந்தால் எந்த மேடு எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ரோடு அடைபட்டு, கரண்டும் போய்விட்டால், தீயணைப்பு வண்டி வந்து சேரும் முன்னே கதவைத் தட்டுவது யார்? பக்கத்துத் தெருப் பிள்ளைகள்தான். எந்த வீட்டில் நிறைமாதக்காரி இருக்கிறாள், எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் எத்தனை உதவி! அது தானாக வந்துவிடாது. யாராவது பழக்க வேண்டும். பழக்கியபின் நம்பி விட வேண்டும். இந்த இரண்டாவது காரியம்தான் நம் மாதிரிப் பெரியவர்களுக்கு வராது.

நம்பி விட்டால் என்ன நடக்கும் என்பதை, எங்கள் மாவட்டத்திலேயே கூடலூரில் பார்க்கலாம்.

கூடலூர் வட்டாரத்தில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் என்று பல ஆதிவாசி மக்கள் இருக்கிறார்கள். 1985-ல் ஸ்டான் தேக்கேக்கரா, மாரி தம்பதி அங்கே ‘அக்கார்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆதிவாசி இளைஞர்களையே துணைக்கு வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சங்கம் கூட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம். அதுவரை வாய் திறக்கத் தயங்கிய ஜனங்கள், 1988 டிசம்பரில் நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கில் கூடலூர் வீதியில் ஊர்வலம் போனார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான விஷயம் அடுத்தது. அந்த ஊர்களில் வயிற்றுப்போக்கில் குழந்தைகளும், பிரசவத்தில் தாய்மாரும் சாவது அப்போது சகஜமாக இருந்தது. ஆஸ்பத்திரி என்றாலே பயம். அங்கே பேசும் பாஷையும் புரியாது. 1987-ல் தேவதாசன், ரூபா என்ற டாக்டர் தம்பதி அங்கே சுகாதாரப் பணியைத் தொடங்கியபோது, வெளியூர் நர்சுகளை அழைத்து வந்து நிரப்பவில்லை. ஊர்க்காரர்களிலிருந்தே சுகாதாரத் தொண்டர்களைப் பழக்கினார்கள். கர்ப்பிணியைக் கண்காணிப்பது, குழந்தையை எடை போடுவது, தடுப்பூசிக்கு அழைத்துவருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

1990-ல் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி வந்தது. அறுவை சிகிச்சை நிபுணர் நந்தகுமார் மேனனும், மகப்பேறு டாக்டர் ஷைலா தேவியும் அங்கே பணிக்கு வந்தார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத ஆதிவாசிப் பெண்களையே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து நர்சுகளாக்கினார்கள். பிரசவம், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டரில் உதவி என்று அவர்கள் கற்காதது இல்லை. இந்த மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் ரத்தச் சோகையைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து கவனிக்கும் வேலையும் இந்த ‘அஸ்வினி’ சுகாதார அமைப்பில் நடக்கிறது. சர்டிபிகேட்டைப் பார்த்துத்தான் ஆளை நம்புவேன் என்று டாக்டர்கள் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா, சொல்லுங்கள்!

தேயிலைத் தோட்டங்களிலும் இதே வழியில் ஒரு முயற்சி நடந்ததுண்டு. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘உபாசி’ தோட்ட அதிபர் சங்கம் 1971-ல் தொழிலாளர் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் ‘லிங்க் ஒர்க்கர்’ என்று கொழுந்து பறிக்கும் பெண்களிலிருந்தே ஆள் எடுத்துப் பழக்கினார்கள். ஒருவர் பொறுப்பில் சுமார் இருபது குடும்பம். துரை சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறவள், பக்கத்து லைன் வீட்டுக்காரி சொன்னால் “அப்படியா அக்கா?” என்று கேட்பாள். மனுஷ சுபாவம்!

சரி, நாம் என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால், நன்கொடையைவிட இடம் முக்கியம். எங்கள் தெருவில் ஒரு பழைய அறை சும்மா பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் கேட்டபோது பெரியவர்கள் “எடுத்துக்கோங்க, ஆனா சாவி எங்ககிட்டதான் இருக்கும்” என்றார்கள். ஆறு மாதம் ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. யார் தினம் போய்ச் சாவிக்குக் கெஞ்சுவது? சாவி கைமாறிய பிறகுதான் அங்கே முதலுதவிப் பெட்டி, டார்ச், கயிறு எல்லாம் சேர்ந்தன.

இன்னொன்று, பெண்பிள்ளைகள். சங்கம் என்றால் பையன்கள் சமாசாரம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் எந்த அம்மா பெண்ணை அனுப்புவாள்? எங்கள் சங்கத்தில் சனிக்கிழமை மூணு மணிக்கு மாற்றினார்கள். ஒரே மாதத்தில் ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். கணக்கு நோட்டு இப்போது ஒரு பி.காம். படிக்கும் பெண்ணிடம். ஒரு ரூபாய் தப்பாது!

உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லியும் கொடுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இல்லையென்றால், காய்ச்சி ஆறின 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக்கூடாது. குழந்தை சோர்ந்து விழுந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரி. இதை நான் ஒரு தடவை செய்து காட்டினேன். மறு தடவை ஒன்பதாவது படிக்கும் பையன் எங்கள் எல்லோருக்கும் செய்து காட்டினான். டீஸ்பூனைத் தட்டாமல் குவித்து எடுத்த ஒரு மாமியைத் திருத்தவும் செய்தான்!

மாதம் ஒரு கூட்டத்துக்கு என் பங்கு சுக்குக் காப்பியும் ஊட்டி வர்க்கியும். பேச்சு அவர்களுடையது. போன கூட்டத்தில் மழைக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எழுதுவது என்று தீர்மானம். எங்கள் வீட்டுக்கும் வந்து, என் மாமியாரிடமே வயசும் மாத்திரைப் பேரும் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.