இயந்திரங்களுக்கு இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர்

உலகில் ரப்பர்க் கையுறைகளை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் மலேசியா முன்னணியில் உள்ளது. கிள்ளானை அடுத்த மேரு வட்டாரம் இத்தொழிலின் முக்கிய மையங்களுள் ஒன்றாகும். அன்று நம் முன்னோர் தோட்டங்களில் மரம் சீவிச் சேகரித்த ரப்பர்ப் பாலோடு, இன்று நைட்ரைல் எனும் செயற்கை ரப்பர்ப் பாலும் கையுறை தயாரிக்கப் பயன்படுகிறது. ஒரு தாதியின் கையையும் நோயாளியின் உடலையும் நோய்க்கிருமிகளிடமிருந்து காப்பது ஒரு மெல்லிய கையுறைதான். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பாதுகாப்பு போய்விடும். எனவே, மாதிரிக்கு எடுத்த கையுறைகளில் ஒரு லிட்டர் நீரை ஊற்றிக் கசிவு உண்டா எனச் சோதிக்கின்றனர்.

கையுறை எவ்வாறு உருவாகிறது? கை வடிவிலான பீங்கான் அச்சுகள் நீண்ட சங்கிலியில் வரிசையாகத் தொங்கியபடி நகர்கின்றன. அவை முதலில் கழுவப்படுகின்றன. பின்னர், ரப்பர்ப் பாலை உறையச் செய்யும் கரைசலிலும் அதன் பிறகு ரப்பர்ப் பாலிலும் மூழ்கி எழுகின்றன. அடுத்து, வெப்ப அறையில் உலர்த்துதல், வெந்நீரில் அலசுதல், மணிக்கட்டு ஓரத்தைச் சுருட்டுதல், மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்துதல் எனப் பல படிநிலைகள் உள்ளன. இறுதியில் கையுறை அச்சிலிருந்து கழற்றப்படுகிறது. சங்கிலி சற்று வேகமாக ஓடினால், கையுறை வெப்ப அறையில் இருக்கும் நேரம் குறைந்துவிடும். வெப்பம் கூடினால் கையுறை கெடும். ஆகவே, சங்கிலியின் வேகம், தொட்டியின் மட்டம், அறையின் வெப்பம் ஆகியவை ஒன்றோடொன்று இசைந்திருக்க வேண்டும்.

இவ்வாறு இசைவாக இயக்கும் பணியைச் செய்வது நிரலாக்கக் கட்டுப்படுத்தி. தொழிற்சாலைகளில் அதனைப் 'பி.எல்.சி.' என்பர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம் 1968-ஆம் ஆண்டில் இத்தகைய ஒரு கருவி தேவை என அறிவித்தது. அக்காலத்தில் இயந்திரங்களை நூற்றுக்கணக்கான ரிலே எனும் மின்விசைகள் கட்டுப்படுத்தின. புதிய வகைக் காரைத் தயாரிக்க வேண்டுமென்றால், கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. டிக் மோர்லி என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'மோடிகான் 084' எனும் கட்டுப்படுத்தி 1969-இல் வெளிவந்தது. அதன் பிறகு, கம்பிகளை மாற்றாமல் நிரலை மட்டும் மாற்றினாலே போதுமானதாயிற்று.

கட்டுப்படுத்தி ஒரு சுழற்சியை இடைவிடாமல் செய்துகொண்டே இருக்கும். முதலில், உணரிகள் தரும் அளவீடுகளை வாசிக்கும். அடுத்து, நிரலின்படி முடிவெடுக்கும். பின்னர், மோட்டார், வால்வு போன்றவற்றுக்குக் கட்டளையிடும். இச்சுழற்சி பொதுவாகச் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். ஆயினும், பெரிய தொழிற்சாலையை ஒரே ஒரு கட்டுப்படுத்தி நிர்வகிப்பது அரிது. மூழ்கு தொட்டிக்கு ஒன்று, வெப்ப அறைக்கு ஒன்று, பொட்டலமிடும் இயந்திரத்திற்கு ஒன்று எனப் பல இருக்கலாம். அவற்றுடன் மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவிகளும் கட்டுப்பாட்டு அறையின் திரைகளும் இணைந்து செயல்பட வேண்டும். இவற்றை வெவ்வேறு நாட்டு நிறுவனங்கள் தயாரித்திருக்கக்கூடும். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரிவது எப்படி?

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவை எண்ணிப் பாருங்கள். பூக்கடைக்காரர் ஒருவர் ஒரு வாடிக்கையாளரிடம் தமிழிலும், அடுத்தவரிடம் மலாயிலும், சுற்றுப்பயணியிடம் ஆங்கிலத்திலும் விலை சொல்வார். மொழி மாறினாலும் விலை மாறுவதில்லை. தொழிற்சாலையில் இப்பணியைச் செய்வது தொடர்பு இடைமுகக் கூறு. இது கட்டுப்படுத்தியின் பக்கத்தில் பொருத்தப்படும் சிறிய பெட்டி போன்றது. கட்டுப்படுத்தியின் நினைவகத்தில் உள்ள எண்களை எடுத்து, எதிர்முனைக் கருவி அறிந்த நெறிமுறையில் அமைத்து, கம்பி வழியே அனுப்பும். வரும் பதிலை மீண்டும் கட்டுப்படுத்திக்குப் புரியும் எண்ணாக மாற்றித் தரும். இலைமறை காய்போல இருக்கும் இக்கூறு பழுதுபட்டால்தான் பலருக்கும் அதன் அருமை தெரிகிறது.

நெறிமுறை என்பது செய்தி பரிமாறும் ஒழுங்குமுறை. மோடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட மோட்பஸ் எனும் நெறிமுறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதன் செய்தி ஒரு கடிதத்தைப் போன்றது. முதலில் பெறுநரின் முகவரி இருக்கும். கம்பிவழித் தொடர்பில் ஒவ்வொரு கருவிக்கும் 1 முதல் 247 வரையிலான எண்களுள் ஒன்று முகவரியாக வழங்கப்படும். அடுத்து, செய்ய வேண்டிய பணியின் எண் வரும். எடுத்துக்காட்டாக, 3 என்பது 'உன் பதிவகத்தில் உள்ள மதிப்பைப் படித்துச் சொல்' என்று பொருள்படும். அதன்பின் தரவும், இறுதியில் பிழை காணும் எண்ணும் இருக்கும். பெறும் கருவி அப்பிழை காணும் எண்ணைத் தானும் கணக்கிட்டுப் பார்க்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் செய்தி வழியில் சிதைந்துவிட்டது எனக் கருதி அதை ஏற்காது.

செய்தி சிதையாமல் வந்தால் மட்டும் போதுமா? போதாது. மோட்பஸ் பதிவகம் 0 முதல் 65535 வரையிலான முழு எண்ணையே தாங்கும். அதில் தசமப் புள்ளிக்கு இடமில்லை. ஆகவே, 120.5 பாகை வெப்பத்தை 1205 என அனுப்பும் வழக்கம் உண்டு. பெறும் பக்கத்தில் அதைப் பத்தால் வகுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை அறியாமல் நிரல் எழுதினால், வெப்பம் 1205 பாகை எனத் திரை காட்டும். எழுத்துப் பிழையே இல்லாத கடிதத்தையும் தவறாகப் பொருள் கொள்ளலாம் என்பதை இது உணர்த்துகிறது.

செய்தி செல்லும் வழியும் கவனிக்கத்தக்கது. தொழிற்சாலையில் பெரிய மோட்டார்கள் ஓடும்போது மின்காந்த இரைச்சல் எழுந்து கம்பிகளில் கலக்கும். இதனைச் சமாளிக்க, ஆர்.எஸ். 485 எனும் முறையில் இரண்டு கம்பிகளை முறுக்கிப் பயன்படுத்துகின்றனர். செய்தி அவ்விரு கம்பிகளின் மின்னழுத்த வேறுபாடாகச் செல்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் பாதிப்பதால், வேறுபாடு மாறுவதில்லை. குறைந்த வேகத்தில் ஏறத்தாழ 1200 மீட்டர் தூரம் வரை இம்முறையில் செய்தி அனுப்பலாம். கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடையைப் பொருத்த வேண்டும். இல்லையேல், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியைப் போலச் செய்தி கம்பியில் திரும்பி வந்து குழப்பம் விளைவிக்கும்.

காலப்போக்கில் வேறு நெறிமுறைகளும் தோன்றின. ஜெர்மனியில் 1987-இல் தொடங்கிய கூட்டு முயற்சியின் விளைவாகப் புரோஃபிபஸ் உருவானது. இன்று, அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கம்பியே தொழிற்சாலைக்குள்ளும் நுழைந்துவிட்டது. அது வேகமானது, ஆனால், செப்புக் கம்பியில் ஓர் இணைப்பு 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. பழைய இயந்திரத்தைத் தூக்கி எறியாமல், பொருத்தமான தொடர்புக் கூறு ஒன்றின் துணையுடன் புதிய வலையமைப்பில் இணைக்கவும் முடியும். சிறுதொழில் நடத்துவோருக்கு இது பெருஞ்செலவைத் தவிர்க்க உதவும்.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் கம்பி அறுந்து தொடர்பு துண்டிக்கப்பட்டால் என்னாகும்? கட்டுப்படுத்தியின் நினைவகத்தில் கடைசியாக வந்த எண் அப்படியே தங்கிவிடக்கூடும். வெப்ப அறை உண்மையில் சூடேறிக்கொண்டிருக்க, திரையோ பழைய எண்ணையே காட்டும். இதுவே மிகப் பெரிய ஆபத்து. ஆகவே, குறிப்பிட்ட நேரத்திற்குள் பதில் வராவிட்டால் தொடர்பு அறுந்ததாகக் கருதி எச்சரிக்கை எழுப்பவும், இயந்திரத்தைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரவும் நிரலில் வழி செய்கின்றனர். அவசர நிறுத்தப் பொத்தானையும் சாதாரணத் தொடர்புக் கம்பியை நம்பி விடுவதில்லை. அதற்கெனத் தனிப் பாதுகாப்பு இணைப்பு அமைக்கப்படும். தெரியாததைத் தெரிந்ததாகக் கொண்டு ஓடுவதைவிட, தெரியவில்லை என்று நிற்பதே மேல் என்பது இத்துறையின் அடிப்படைப் பாடமாகும்.

தொடர்பு விரிவடையும்போது மற்றோர் ஆபத்தும் உடன் வருகிறது. 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் எனும் தீநிரல், தொழிற்சாலைக் கட்டுப்படுத்திகளைக் குறிவைத்தது. அது இயந்திரங்களைத் தவறாக இயக்கியதோடு, கண்காணிப்போருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவும் காட்டியது. மோட்பஸ் உருவான காலத்தில், அனுப்புநர் யார் எனச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் சேர்க்கப்படவில்லை. எனவே, இன்றைய தொழிற்சாலைகள் இயந்திர வலையமைப்பை அலுவலக வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கின்றன. யார் உள்ளே நுழையலாம் என்பதையும் வரையறுக்கின்றன.

நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் 'இண்டஸ்ட்ரி ஃபார்வர்ட்' எனும் தேசியக் கொள்கை வெளியிடப்பட்டது. தொழிற்புரட்சி 4.0-க்கு உற்பத்தித் துறையைத் தயார்ப்படுத்துவது அதன் நோக்கம். கொள்கை நிறைவேற வேண்டுமெனில், இயந்திரங்களை இணைக்கத் தெரிந்த கைகள் வேண்டும். ஷா ஆலமில் உள்ள உயர் தொழில்நுட்பப் பயிற்சி மையமும் காஜாங்கில் உள்ள ஜெர்மன்-மலேசியக் கழகமும் இத்துறை சார்ந்த பயிற்சிகளை வழங்குகின்றன. இயற்பியலில் ஆர்வமும், பொறுமையும், ஒரு கம்பியையும் சரிபார்க்காமல் விடாத பழக்கமும் உடைய மாணவருக்கு இத்துறை ஏற்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகளில் இரவு பகலாக எண்ணற்ற செய்திகள் இயந்திரங்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கோ ஒரு மருத்துவமனையில் தாதி ஒருவர் தயங்காமல் கையுறையை அணிந்துகொள்ள, அச்செய்திகள் சரியாகவும் உரிய நேரத்திலும் சென்று சேர வேண்டும்.