உள்ளே நல்ல பிலிம், சுற்றிய கடதாசியில் கோளாறு

நாயாற்றில் வாடி போட்டிருக்கும் சம்மாட்டிமாரிடம் கேட்டுப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த கருவாட்டை ஈரச் சாக்கில் கட்டி லொறியில் ஏற்றினால், கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ச் சேரும்போது பூஞ்சணம் பிடித்திருக்கும். அங்குள்ள முதலாளி சாக்கு விற்றவனைத் தேடிப் போக மாட்டார். நாயாற்றுச் சரக்கு சரியில்லை என்பார், விலையைக் குறைப்பார். இதே சங்கடம் உலகத்தின் மிகப் பெரிய பிலிம் கொம்பனியான கொடக்கிற்கும் வந்தது. ஒரு தடவை அல்ல.

கடைசியாக நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கெமராவுக்குப் போடும் பிலிமில் 120 என்றொரு ரோல் உண்டு. 1901 இல் கொடக் அறிமுகப்படுத்தியது, இன்றும் விற்பனையாகிறது. பழைய ஸ்டூடியோக்காரர்கள் பெட்டிக் கெமராவில் போட்டு 12 சதுரப் படம் எடுத்தது இதில்தான். 35 மில்லிமீற்றர் பிலிமைப் போல இதற்குத் தகர டப்பா கிடையாது. வெளிச்சம் படாமல் காப்பது பிலிமோடு சேர்த்துச் சுற்றிய நீளமான கடதாசி மட்டுமே. அதன் முதுகில் 1, 2, 3 என்று இலக்கங்கள் அச்சிட்டிருக்கும். கெமராவின் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி ஓட்டையால் அதைப் பார்த்துத்தான் அடுத்த படத்துக்குச் சுற்றுவார்கள்.

2016 அளவில் கொடக்கின் கறுப்பு வெள்ளை 120 ரோல்களை வாங்கியவர்களிடமிருந்து ஒரு முறைப்பாடு வரத் தொடங்கியது. கழுவிப் பார்த்தால் படத்தின் வானத்தில் இலக்கங்கள் தெரிகின்றன, கொடக் என்ற பெயரும் தெரிகிறது! ரோலாகச் சுற்றும்போது பிலிமின் மருந்துப் பக்கம், அடுத்த சுற்றுக் கடதாசியின் அச்சு மையில் அழுந்திக் கிடக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் மையின் தாக்கம் மருந்தில் இறங்கிவிடும். முகம், உடுப்பு, மரம் போன்ற இடங்களில் கண்ணுக்குப் படாது. வெறும் வானத்தில், வெள்ளைச் சுவரில் அப்படியே எழும்பி நிற்கும். இதில் ஒரு வேடிக்கை, பிற்காலத்து நல்ல கெமராக்கள் பலவற்றுக்கு அந்த இலக்கமே தேவையில்லை. அவை தாமாகவே எண்ணிக்கொள்ளும்.

பிலிமில் குறை இல்லை, சுற்றிய கடதாசியில்தான் குறை. ஆனால் வாங்கியவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? கலியாண வீட்டில் எடுத்த ரோல் என்றால், அந்தக் கலியாணத்தை மறுபடி நடத்திக் காட்ட முடியுமா? ஓட்டைப் பானைக்கு வேறு பானை கொடுத்துச் சமாளிக்கலாம். கெட்ட ரோலுக்குப் புது ரோல் கொடுத்தாலும் போன படம் போனதுதான். பிலிம் வியாபாரத்தின் ஆபத்து முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது.

அப்போது கொடக் பிலிமை விற்றுவந்தது கொடக் அலாரிஸ் என்ற கொம்பனி. தாய்க் கொம்பனி 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரிய பின், 2013 இல் பிரிந்து வந்தது அது. பிலிமைச் செய்வது அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரிலுள்ள பழைய தொழிற்சாலையேதான். விற்பனைக் கொம்பனி எதையும் மூடி மறைக்கவில்லை. எந்தெந்தத் தொகுதி இலக்க ரோல்களில் இந்தக் குறை வரக்கூடும் என்று பகிரங்கமாக அறிவித்தது, கெட்டுப்போனவர்களுக்கு மாற்று ரோல் கொடுத்தது, கடதாசியையும் மாற்றியது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. ஜோர்ஜ் ஈஸ்ட்மன் கொடக் என்ற பெயரை வைப்பதற்கு முன்னமே, 1882 இல், அவர் விற்ற கண்ணாடித் தட்டுகள் கெடத் தொடங்கின. விற்ற சரக்கைத் திருப்பி எடுத்து நல்லதைக் கொடுத்தார். கையிலிருந்த பணம் கரைந்தது, பெயர் மிஞ்சியது. காரணத்தைத் தேடி இங்கிலாந்து வரை போனபோதுதான் வெளியாரிடம் வாங்கிய ஜெலட்டினில் கோளாறு என்று தெரிந்தது. (ஜெலட்டின் என்றவுடன் நம்மவர்கள் லேபிளைத் திருப்பிப் பார்ப்பார்கள். இது உண்பதற்கல்ல, வெள்ளி உப்பைப் பிலிமில் ஒட்டிவைக்கும் பசை.) ஒரு ஜெலட்டின் நல்ல படம் தருவதும் இன்னொன்று மங்குவதும் ஏன் என்று 1920களில்தான் கொடக்கின் ஆய்வாளர் ஷெப்பர்ட் கண்டுபிடித்தார். மாடு தின்ற கடுகுச் செடி போன்றவற்றின் கந்தகச் சத்து, ஜெலட்டினில் மிகச் சிறிதளவு தங்கியிருந்தால் பிலிமுக்கு வேகம் கூடும். மாடு எங்கே மேய்ந்தது என்பதும் படத்தைத் தீர்மானித்திருக்கிறது!

மற்றது 1945. கொடக்கின் எக்ஸ்ரே பிலிம்களில் காரணம் தெரியாத கரும்புள்ளிகள் விழுந்தன. ஜூலியன் வெப் என்ற கொடக் விஞ்ஞானி விசாரித்தபோது, பொதி செய்த வைக்கோல் அட்டையிலேயே கதிரியக்கம் இருந்தது. அட்டை வந்தது இந்தியானா மாநிலத்தில் ஆற்று நீரைப் பாவிக்கும் ஓர் ஆலையிலிருந்து. அந்த ஆண்டு ஜூலை 16 ஆம் திகதி நியூ மெக்சிகோவில் வெடித்த முதல் அணுகுண்டின் தூசு, சுமார் ஆயிரம் மைல் கடந்து அந்த ஆற்றில் கலந்திருந்தது. அட்டை ஆலைக்காரன் மேல் என்ன குற்றம் சொல்ல?

ஜெலட்டின், அட்டை, கடதாசி. மூன்றும் வெளியில் வாங்கியவை, பிலிமோடு ஒப்பிட்டால் மலிந்தவை. கொம்பனி பெரிதாக இருந்த காலத்தில் இப்படியான சப்ளையர்களைக் கட்டுப்பாட்டில் வைக்க முடிந்தது. டிஜிட்டல் கெமரா வந்து விற்பனை சுருங்கியதும், விசேட கடதாசி செய்பவனுக்கு பிலிம்காரன் சின்ன வாடிக்கையாளன் ஆகிவிட்டான். சின்ன ஓடருக்கு ஆலை மெஷினை நிறுத்தி மாற்ற யார் சம்மதிப்பார்?

தமிழ்நாட்டு ஊட்டியிலும் ஒரு பிலிம் தொழிற்சாலை இருந்தது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், அரசாங்கத்துடையது. 1960 இல் நிறுவி, பிரெஞ்சு பொஷே கொம்பனியின் உதவியோடு 1967 இல் உற்பத்தி தொடங்கினார்கள். தூசு குறைந்த குளிர்ந்த காற்றும் நல்ல தண்ணீரும்தான் அந்த மலையைத் தேட வைத்தன. கலர் பிலிமைத் தானே செய்யவில்லை, பெரிய ரோல்களை வெளிநாட்டிலிருந்து எடுத்து வெட்டிப் பொதி செய்தது. இறக்குமதிக் கதவு திறந்தது, புதிய எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடன் ஏறியது, 1996 இல் நலிவுற்ற நிறுவனமாக அறிவித்தார்கள். பிறகு மூடியே விட்டார்கள். தரத்தைக் காப்பாற்ற மலைக் காற்று இருந்தது. கணக்கைக் காப்பாற்ற எதுவும் இருக்கவில்லை.

இப்போது இளம் பிள்ளைகள் மறுபடி பிலிம் கெமரா தூக்குகிறார்கள், ஸ்டூடியோ வைத்திருக்கும் நம்மவர்கள் சிலரிடமும் ரோல் கேட்கிறார்கள். எடுத்து விற்க நினைப்பவர் கவனிக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர வெக்கையிலும் உப்புக் காற்றிலும் ரோலைக் கண்ணாடி அலுமாரியில் அழகுக்கு அடுக்கிவைத்தால், கொம்பனி செய்யாத பிழையை நாமே செய்தவர்களாவோம். உறை பிரிக்காமல் பிரிஜ்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தால் குளிர் ஆறும் வரை உறையைக் கிழிக்க விடாதீர்கள், உடனே கிழித்தால் வியர்த்து ஈரம் ஏறும். பெட்டியில் அச்சிட்ட தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் பில்லில் எழுதிக் கொடுங்கள், கொப்பியிலும் பதியுங்கள். வானத்தில் இலக்கம் விழுந்த படத்தோடு வாடிக்கையாளர் வந்து நின்றால், ஏஜென்ட் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.