பூண்டுலோயாவை நாம் பார்த்திருக்கிறோமா?

கடந்த பாடசாலை விடுமுறையில் ஒரு நாள், நான் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் கொழும்பு வேன் ஒன்று வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய இளைஞர், "சேர், டன்சினன் நீர்வீழ்ச்சிய நல்லா பாக்கிறதுக்கு எங்க நிக்கணும்?" என்று கேட்டார். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். இருபது வருடங்களுக்கு மேலாக ஆசிரியர். எனக்குப் பதில் தெரியவில்லை. "இந்த ரோட்டால நேரா போங்க, தெரியும்" என்று சமாளித்து அனுப்பினேன். வேன் போய்விட்டது, கேள்வி போகவில்லை.

யோசித்துப் பார்த்தால் இது எனக்குப் புதிதல்ல. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில், அவரவர் பிரதேசத்தின் சுற்றாடலைப் பற்றி ஓர் ஒப்படை எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது நுவரெலியா கிரகறி வாவியைப் பற்றி. 1873இல் ஆளுநர் கிரகறியின் காலத்தில் மனிதர் கட்டிய வாவி அது. வீட்டுக் கதவைத் திறந்தால் இரைச்சல் கேட்கும் எங்கள் ஓயாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை. நல்ல புள்ளியும் கிடைத்தது.

ஏன் அப்படி என்றால், எங்களுக்கு மழை என்பது தாமதமாகும் பஸ், காயாத சீருடை, மண்சரிவுப் பயம். லயத்துக் கூரை ஒழுகும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் மூடுபனி அழகானது என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் நாக்கு கூசும். அழகு என்பது வேனில் வருபவர்களின் சொல் என்று விட்டுவிட்டோம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படி விட்டதில், ஊரைப் பற்றிய அறிவையும் சேர்த்தே விட்டுவிட்டோம் என்பதுதான் என் கவலை.

அடுத்த ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு நானே போனேன். நேராகப் பார்த்தால் டன்சினன் நீர்வீழ்ச்சி வெள்ளைக் கோடுதான். சற்று நேரம் நின்றால்தான் தண்ணீர் பாறையில் எங்கே மோதி எப்படிப் பிரிகிறது என்று கண் பழகுகிறது. மகள் கேட்டாள்: "டன்சினன் எண்டா என்ன வாப்பா?"

அது ஸ்கொட்லாந்தின் பேர்த்ஷயர் பகுதியிலுள்ள ஒரு குன்றின் பெயர். ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில், காடு டன்சினன் குன்றை நோக்கி நகர்ந்து வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை என்று அரசனுக்குக் குறி சொல்லப்படும். நாடகத்தில் காடு வந்தது. எங்கள் டன்சினனிலோ கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் காடுதான் போனது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின் வந்ததே இந்தப் பச்சை. நிழலுக்கு நிற்கும் சபுக்கு மரம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கொழுந்து பறிப்பவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து நடந்து வந்தார்கள். இயற்கை என்று நாம் சொல்லும் இந்தக் காட்சியில் மனிதக் கை படாத இடம் மிகக் குறைவு. அது தெரிந்த பிறகு எனக்கு இந்த மலைகள் அழகு குறைந்ததாகத் தோன்றவில்லை. யாருடைய முதுகில் ஏறி வந்த அழகு என்பது தெரிந்தது.

இந்தத் தேடலில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியவர் எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் என்ற தோட்டத்துரை. 1861இல் கொழும்பில் பிறந்தவர். பூண்டுலோயாவில் ஈட்டன் தோட்டத்தில் இருந்தவர். தேயிலைச் செடியின் பூச்சிகளைப் பற்றி 1890இல் நூல் எழுதினார். இலையின் அடியிலும் தண்டிலும் பொட்டுப்போல ஒட்டிக்கிடக்கும் செதிள் பூச்சிகளைப் பார்க்கத் தொடங்கியவர், அதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். இலங்கையின் செதிள் பூச்சிகளைப் பற்றிய அவரது நூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. படங்களையும் அவரே வரைந்தார். பின்னர் பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளராகவும் பணியாற்றினார். உலக அறிவியல் ஏடுகளில் பல பூச்சிகள் முதன்முதலாகக் கிடைத்த இடம் என்று எங்கள் ஊர்ப் பெயரே பதிவாகியிருக்கிறது. தத்துப்பூச்சிகளில் ஒரு பேரினத்துக்கு ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு நேரமும் வசதியும் இருந்தன. அவர் பூச்சி பார்த்த வேளையில் மலையில் கூடை சுமந்தவர்களுக்கு அது இருக்கவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும், நாம் கசக்கி எறியும் ஓர் இலையில் பார்க்க இவ்வளவு இருந்தது என்ற செய்தி நமக்கும் உரியதுதான்.

ஓயா எங்கே போகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இந்தத் தண்ணீர் கொத்மலை ஓயாவின் நீரோடு மகாவலியில் சேர்கிறது. பொல்கொல்லையில் அதில் ஒரு பகுதி சுரங்கம் வழியே வடக்கே திருப்பப்பட்டு, போவத்தென்ன ஊடாகக் கலாவெவ வரை செல்கிறது. அநுராதபுரத்து வயலில் நிற்கும் தண்ணீரில் எங்கள் மழையும் கொஞ்சம் இருக்கிறது. மீதி விக்டோரியா நீர்த்தேக்கம் தாண்டி திருகோணமலையில் கடலைச் சேர்கிறது.

இந்த ஓயாவை நாம் ஏறக்குறைய இழந்திருப்போம் என்பது இன்றைய மாணவர் பலருக்குத் தெரியாது. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் ஆரம்ப வரைபில், தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறிப்பதோடு, டெவன், பூண்டுலோயா, பூனா, ரம்பொடை ஆகிய கிளைகளின் நீரையும் திருப்புவதாக இருந்தது. சூழலியலாளர்களும் மலையக மக்களும் எதிர்த்தார்கள். கிளைகளைத் தொடாமல் திட்டம் சுருக்கப்பட்டது. 150 மெகாவோட் நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்கு இன்று அணையிலிருந்து அளந்து விடும் தண்ணீர்தான் வருகிறது. எங்கள் டன்சினன் இன்னும் மழையின் கணக்குப்படி விழுகிறது. அன்று வாய் திறந்தவர்கள், தங்கள் ஓயாவின் பெயர் தெரிந்திருந்தவர்கள்.

பள்ளி தொடங்கியதும் தரம் 8 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு, சுற்றியுள்ள இடங்களின் பெயர்களை எழுதி வாருங்கள் என்றேன். "ஆறாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை" என்றுதான் வரும் என்று எண்ணினேன். அவையும் வந்தன. அவற்றோடு, எந்த மலையில் அட்டை அதிகம், எந்தப் பாறை மதியச் சாப்பாட்டுக்கு நிழல் தரும், எந்தத் தோடு மழையில் முதலில் உடைக்கும் என்றெல்லாம் அப்பாயிகளும் அம்மாயிகளும் சொல்லியனுப்பியிருந்தார்கள். கொப்பி நிறைந்துவிட்டது. ஒரு பிள்ளை மட்டும் வெறும் கையோடு வந்து, "எங்க அப்பாயி அழுதிருச்சி சேர், இத்தன வருசத்துல யாருமே எங்கிட்ட கேக்கலன்னு" என்றது.

கிரீனின் கதையையும் அன்றுதான் சொன்னேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி, "அந்தப் பூச்சி இன்னும் இருக்கா சேர்?" என்று கேட்டாள். விஞ்ஞான கூடத்தில் இருந்தது ஒரே ஒரு கைவில்லை. அதை எடுத்துக்கொண்டு வேலியோரத் தேயிலைச் செடியடிக்குப் போனோம். வில்லை கைமாறி வர, முப்பத்தெட்டுப் பேரும் தூறலில் வரிசையாக நின்றார்கள்.