சத்தத்தைக் கேளுங்க அண்ணாச்சி... லாரியே காரணத்தைச் சொல்லிடும்!

ஜூன் பிறந்தால் தென்காசிக்காரர்களுக்குச் சாரல் மாதம். குற்றாலத்தில் அருவி கொட்டும், ஊரெல்லாம் வெளியூர் கூட்டம். ஆனால், பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போகவேண்டிய பழைய லாரிக்காரருக்கு அதே சாரல் வேறு மாதிரி. ராத்திரி முழுக்க நனைந்து நின்ற வண்டி, சாவியைத் திருப்பினால் 'டக்'கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். பின்னால் தக்காளி கனிந்துகொண்டிருக்கும்.

உடனே பலரும் செய்கிற தப்பு, சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பது. ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து விநாடி போதும். அதற்கு மேல் போனால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும், பேட்டரியும் இறங்கும். ஒரு நிமிஷமாவது விட்டுத்தான் அடுத்த முயற்சி. அந்த ஒரு நிமிஷத்தில், வந்தது என்ன சத்தம் என்று யோசித்தாலே பாதி வேலை முடிந்தது.

சத்தமே இல்லை, அல்லது வெறும் 'டக்' என்றால் கோளாறு கரன்ட் பக்கம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அப்படியே மங்கிவிட்டால் பேட்டரியோ, அதன் முனையோதான் காரணம். வெளிச்சம் குறையாமல் நின்றால், ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரையும் அதன் சாலினாய்டையும் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். எர்த் ஒயரை முதலில் கழற்றிவிட்டு, வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவினாலே கிளம்பிவிடும் வண்டிகள் ஏராளம். சேஸிஸில் போய்ச் சேரும் எர்த் ஒயரின் அடுத்த முனையை யாரும் பார்ப்பதில்லை. துரு அங்கேதான் ஏறியிருக்கும். ஆங், பேட்டரி பக்கத்தில் குனியும்போது பீடி வேண்டாம். அதிலிருந்து வருவது தீப்பிடிக்கும் வாயு.

என்ஜின் சோம்பலாக, இழுத்து இழுத்துச் சுற்றினாலும் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். முழு சார்ஜில் இரண்டும் சேர்ந்து 25 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டவேண்டும். ஒன்று மட்டும் பழசாகி, காசை மிச்சம் பிடிக்க அதை மட்டும் மாற்றினால், மிச்சமிருக்கும் கிழடு புதுசையும் சீக்கிரம் கெடுத்துவிடும். வழியில் போகிற காரை நிறுத்தி, அதன் 12 வோல்ட் பேட்டரியில் ஒயர் போட்டு 24 வோல்ட் லாரியைக் கிளப்பப் பார்ப்பதும் கூடாது. காரும் கெடும்.

மூன்றாவது சத்தம்தான் ஆளைக் குழப்பும். என்ஜின் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. "சாரல்ல பிளக் நனைஞ்சிருக்கும்" என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். டீசல் என்ஜினில் பெட்ரோல் வண்டிபோலப் பொறி தெறிக்கும் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலை எரியவைப்பதுதான் அதன் வித்தை. எனவே, சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை. புகையே இல்லையென்றால் டீசல் போய்ச்சேரவில்லை.

டீசல் போகவில்லை என்றதும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். பழைய லாரிகள் பலவற்றில் என்ஜினை அணைக்க ஒரு குமிழை இழுப்போமே, அது முழுசாக உள்ளே திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தால் பம்ப்புக்குப் பூட்டு போட்ட மாதிரிதான். மெக்கானிக்கை வரவழைத்து, அவர் வந்து அந்தக் குமிழை உள்ளே தள்ளிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போன கதை லாரி செட்டுகளில் புதுசல்ல.

அதுவும் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஏர் பிடித்திருக்கும். டேங்க் வற்றும்வரை ஓட்டினாலோ, ஃபில்டர் மாற்றினாலோ, வாஷர் கசிந்தாலோ டீசல் பாதையில் காற்று புகுந்துவிடும். முதலில் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பைக் கையால் அடிக்க, நுரையாக டீசல் வரும். நுரை நின்று சுத்தமாக வழியும்போது, அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்கவேண்டும். அடுத்து டீசல் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இதே வேலை. நாசிலுக்குப் போகும் கனத்த குழாய்களில் மட்டும் கைவைக்க வேண்டாம். அங்கே பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய வண்டிக்கு. சென்சார் வைத்த புது வண்டியில் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதுதான் வழி.

எதற்கும் மசியவில்லை என்றால் இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளைச் சேர்ப்பது. கியரில் இருப்பதை மறந்திருந்தால் வண்டி பாய்ந்து, படுத்திருக்கும் ஆள்மீதே ஏறும். இன்னொன்று, புளியரைக்கு மேலே மலைப்பாதையில் நின்றுவிட்ட வண்டியைச் சரிவில் உருட்டிக் கிளப்புவது. ஏர் பிரேக்குக்கான காற்றை நிரப்புவதே ஓடுகிற என்ஜின்தான். ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டி காற்றில்லாமல் நகரவே நகராது. அது இல்லாத பழைய வண்டி தாராளமாக உருளும். வளைவில் மிதிக்கும்போது பிரேக் இருக்காது, பவர் ஸ்டீயரிங் என்றால் அதுவும் கல்லாக இறுகியிருக்கும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி எச்சரிக்கை முக்கோணத்தை வைத்துவிட்டு, செங்கோட்டையிலிருந்து மெக்கானிக் வரக் காத்திருக்க வேண்டியதுதான். தக்காளி நாலு கூடை போனால் போகட்டும்.

என்ஜின் பிடித்துவிட்டாலும் உடனே கியரைப் போடாதீர்கள். ஏர் கேஜ் முள் ஏறி, எச்சரிக்கை பஸர் நிற்கட்டும். ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.