கண்ணாடிக் குடுவையில் சோயாச் செடி

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு என்னும் சிற்றூரில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து அமைத்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி எழுந்த கோயில் என்று அவன் அங்கே கல்வெட்டும் பொறித்து வைத்தான். மாணவர் சிலருடன் நான் அங்கே சென்றிருந்தபோது, அவர்களுள் ஒருவர், "ஐயா, மண்ணும் மழையும் இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் செடி வளர்க்கிறார்களாமே, அதுவும் இதைப் போன்றதுதானா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று அரைகுறையாகச் சொன்ன விடையை இன்று சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மண் இல்லை என்பது மெய். ஆனால் மண் தரும் உப்புகள் உண்டு. தனித்த திசுவால் வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. ஆகவே சர்க்கரையும் சேர்க்கிறோம். இவற்றைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாருடன் கரைத்து ஆறவிட்டால் கூழ்போல் உறையும். அதுவே திசுவுக்கு நிலம். அதற்கு முன் அழுத்தக் கொதிகலத்தில் 121 டிகிரி வெப்பத்தில் சுமார் இருபது நிமிடம் வைத்து நுண்ணுயிர்களை ஒழித்துவிட வேண்டும். சர்க்கரை நமக்கு மட்டுமா இனிக்கிறது? ஒரேயொரு பூஞ்சை வித்து புகுந்தாலும் குடுவை முழுவதும் அதற்கே விருந்தாகிவிடும். நான் முதன்முதல் வைத்த குடுவைகளில் பாதிக்கு மேல் கரும்பூஞ்சைதான் விளைந்தது.

தாவர அணு ஒவ்வொன்றையும் தனியே வளர்க்க முடியும் என்ற எண்ணத்தை 1902-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரிய அறிஞர் ஹேபர்லாண்ட் வெளியிட்டார். அவர் வளர்க்க முயன்ற அணுக்கள் உயிரோடிருந்தனவே ஒழியப் பிளந்து பெருகவில்லை. 1957-ஆம் ஆண்டில் ஸ்கூக், மில்லர் என்னும் இருவர் புகையிலைத் திசுவில் ஒரு திறவுகோலைக் கண்டறிந்தனர். ஆக்ஸின், சைட்டோகைனின் என்று இருவகை வளர்ச்சி ஊக்கிகள் உள்ளன. ஆக்ஸின் மிகுந்தால் வேர் வருகிறது. சைட்டோகைனின் மிகுந்தால் தண்டும் இலையும் வருகின்றன. இரண்டும் இடைப்பட்ட அளவில் நின்றால் உருவமற்ற திசுத் திரள் மட்டும் வளர்கிறது.

இனிச் சோயா மொச்சைக்கு வருவோம். இதன் அணுக்கள் பெருகுவதில் சோம்பலே அற்றவை. சைட்டோகைனின் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று அறியச் சோயாத் திசுவையே அளவுகோலாகக் கொண்டார்கள். 1968-ஆம் ஆண்டில் கனடாவில் கேம்போர்க் குழுவினர் சோயா வேரணுக்களைத் திரவத்தில் வளர்ப்பதற்காக வகுத்த பி-5 என்னும் ஊடகம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. இத்தனை இருந்தும் அந்தத் திரள் செடியாக மறுத்தது! புகையிலைக்குச் சரியாக இருந்த கணக்கு சோயாவுக்குப் பொருந்தவில்லை. பருத்துக்கொண்டே போகும் வெளிர்மஞ்சள் கட்டியை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவரின் மனநிலையை நான் அறிவேன். பெருகுவது வேறு, உருவாவது வேறு என்பதை அப்போதுதான் உள்ளபடி உணர்ந்தேன்.

வழி பிறந்தது ஊடகத்தை மாற்றியதால் மட்டுமன்று. திசு எடுக்கும் இடத்தை மாற்றியதால். விதையைத் தூய்மை செய்து முளைக்கவைத்து, ஒரு வாரத்துக்குள் அதன் விதையிலை தண்டோடு சேரும் கணுவை வெட்டி எடுக்கிறார்கள். அங்குள்ள அணுக்கள் இன்னும் இளமை மாறாதவை. எந்த உறுப்பாக வேண்டும் என்று முடிவு கட்டாதவை என்றும் சொல்லலாம். சைட்டோகைனின் கலந்த ஊடகத்தில் வைத்தால் சில வாரங்களில் குருத்துகள் கொத்தாகக் கிளம்புகின்றன. இம்முறை 1980-ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதிராத கருவிலிருந்து செடி எழுப்பும் முறையும் அதே பத்தாண்டில் வளர்ந்தது. பல சோயா வகைகளில் அதனை நிறுவிய 1986-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் நம் நாட்டு உஷா பார்வாலே.

சோயா விதையை நேரே விதைத்தால் முளைக்கிறதே, இத்தனை பாடு எதற்கு? வாழையில் இக்கேள்வி எழாது; திசு வளர்ப்பு வாழைக்கன்றை நம் உழவர்கள் வாங்கி நடுகிறார்கள். சோயாவை அப்படி எவரும் நடுவதில்லை. இங்கே நோக்கமே வேறு. ஒரு புதிய மரபணுவை ஓர் அணுவினுள் செலுத்தினால், அவ்வணுவிலிருந்து முழுச்செடி எழ வேண்டும்; இல்லையேல் அம்முயற்சி குடுவையோடு முடிந்துபோகும். கதவு திறந்த சில ஆண்டுகளில், 1988-இல், மரபணு மாற்றிய சோயாச் செடிகள் தோன்றிவிட்டன. அவற்றைப் பயிரிட நம் நாட்டில் அனுமதி இல்லை. அனுமதிக்க வேண்டுமா என்பது பெரிய வழக்கு. அதனைத் தனியே பேச வேண்டும்.

மண்டகப்பட்டு வட்டாரத்து உழவர்க்குச் சோயாவைவிட நிலக்கடலையே நெருங்கியது. கடலை வகைகளின் பெயரில் வரும் டி.எம்.வி. என்ற எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்தவை அவை. நிலக்கடலையும் சோயாவின் குடும்பமே, அதே பிடிவாதக் குணமே. அதற்கும் விதையிலையிலிருந்து செடி எழுப்பி மரபணு புகுத்தும் செம்மையான முறையொன்றை ஐதராபாத்தை அடுத்த பதான்சேருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

மாணவர்கள் பலர் அறியாத கடைசிப் படி ஒன்று உண்டு. குருத்து வேர்விட்டதும் வேலை முடிந்தது என்று குடுவையைத் திறந்து வெயிலில் வைத்தால், மாலைக்குள் செடி துவண்டுவிடும். ஈரம் நிறைந்த காற்றிலேயே வளர்ந்ததால் அதன் இலையில் மெழுகுப்பூச்சு போதாது. இலைத்துளைகளுக்கும் மூடப் பழக்கமில்லை. ஆகையால் வேரில் ஒட்டிய அகாரைக் கழுவி, சிறு தொட்டியில் நட்டு, பிளாஸ்டிக் உறையால் மூடி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக உறையைத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குகிறோம். மண்ணைப் பார்க்காமலே பிறந்த செடி மண்ணுக்கு வந்து சேர இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகிறது.