உப்புநீரில் கிடக்கும் விறகு

ஈச்சிலம்பற்றுக் கரையில் ஆயிரம் லீற்றர் கடல்நீரை அள்ளினால், அதற்குள் ஏறத்தாழ 33 கிராம் டியூட்டீரியம் இருக்கும். ஐதரசனின் பாரங்கூடிய உடன்பிறப்பு அது. அதை இன்னொரு பாரமான ஐதரசனான திரிதியத்தோடு இணைய வைத்தால் ஹீலியம் பிறக்கும். கூடவே பெருஞ்சக்தியும் வரும். சூரியன் எரிவதும் இப்படியான இணைவால்தான். அதன் நடுவில் ஒன்றரைக் கோடி பாகை வெப்பம். மிச்சத்தை அதன் சொந்தப் பாரமே நெருக்கிப் பிடித்துச் செய்துவிடும். பூமியில் அந்த நெருக்கத்துக்கு வழியில்லை. ஆகவே பதினைந்து கோடி பாகை வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் வாயு பிளாஸ்மா ஆகிவிடும். உளுந்துவடை வடிவக் கலத்துக்குள், சுவரில் முட்டவிடாமல், காந்தப்புலத்தால் அதைப் பிடித்து வைக்கும் பொறிதான் டோக்காமாக்.

இப்படியான பொறியில் வேலை செய்ய என்ன படிக்க வேண்டும்? ஸ்ரீநகரில் 1948இல் பிறந்த பிளாஸ்மா விஞ்ஞானி பிரதிமன் கிருஷ்ண காவ், டில்லி ஐ.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டம் பெற்றபோது வயது பதினெட்டு. நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குக் கண்விழிக்கிற வயது! பிறகு பிரின்ஸ்டன், அகமதாபாத், மறுபடி பிரின்ஸ்டன். 1982இல் இந்தியா திரும்பியவர், காந்திநகருக்கு அருகே பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். 1989இல் அங்கே 'ஆதித்யா' டோக்காமாக் இயங்கத் தொடங்கியது.

காவின் வேகத்தை யாரும் அளவுகோலாக்க வேண்டாம். இணைந்த கணிதம், பௌதிகவியல், பட்டம், பிறகு கலாநிதி ஆய்வு என்பதுதான் வழமையான பாதை. ஈச்சிலம்பற்றுப் பிள்ளைக்குப் பட்டப்படிப்பு வெருகல் பாலம் தாண்டி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலேயே உண்டு. ஆய்வுக்குத்தான் கடல் தாண்ட வேண்டும்.

போன பின்னும் நாள் முழுக்கச் சமன்பாடு எழுதுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கலத்தின் ஒட்டுகளில் பொசிவு தேடுவதும் பெரிய வேலை. சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்போமே, அதே கதைதான். கலத்தின் காற்றை உறிஞ்சிவிட்டு, வெளியே ஒட்டு ஒட்டாக ஹீலியம் பீச்சுவார்கள். மயிரிழை ஓட்டையானாலும் ஹீலியம் நுழைந்துவிடும். அதைக் கருவி காட்டிக் கொடுக்கும்.

2005இல் இந்தியாவும் சேர்ந்துகொண்ட பன்னாட்டு 'ஈற்றர்' டோக்காமாக் பிரான்சில் எழும்புகிறது. அதைச் சூழும் 3,850 தொன் உறைகலம் குஜராத்தின் ஹசீராவில் துண்டு துண்டாகச் செய்யப்பட்டு அங்கே போனது. அதன் அடிப்பாகத்தை 2020இல் குழிக்குள் இறக்கினார்கள். காவ் 2017இலேயே காலமாகிவிட்டார். இப்போதைய திட்டப்படி டியூட்டீரியமும் திரிதியமும் அங்கே சேர்வது 2039இல். இன்று ஒன்பதாம் தரத்தில் இருக்கும் பிள்ளை அப்போது கலாநிதிப் பட்டம் முடிக்கிற வயதில் இருக்கும்.